மூன்றாவது வணக்கத்துக்குப் பின்

ஃபத்ரீக்கேயின் கழுத்துத்துணியை ஒரு பெண் கை கட்டியிருக்கிறது. வேலைக்காரன் போடும் முடிச்சு கல்லைப்போல இறுகி நடுவில் உட்காரும். இது கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி, இப்போதுதான் விரலை எடுத்ததுபோலத் தளர்ந்து நிற்கிறது. யாருடைய கை என்று எனக்குத் தெரியும். மாட்ரிட் அரண்மனையின் இந்த முன்கூடத்தில் சுவருக்குச் சுவர் கண்ணாடி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேறொரு கண்ணாடியிலிருந்து அந்த முடிச்சு என்னைப் பார்க்கிறது. கல்யாணமான முதல் வருஷம் லெயோகாடியா எனக்கும் இப்படித்தான் கட்டுவாள், கண்ணாடியைப் பார்க்காமல், என் முகத்தையும் பார்க்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு. பிறகு எப்போது நின்றது? நின்ற நாள் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அன்று காலை நான் ஏதாவது மந்திரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒருவன் இன்னொருவனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது வெட்கக்கேடு. அதுவும் அவனைக் கையோடு அரசர் முன்னால் அழைத்துப்போகவேண்டியவன் நானாக இருக்கும்போது.

இன்று அவன் அரசர் முன்னிலையில் தொப்பி அணியப்போகிறான். சொன்னால் சின்ன விஷயம். ஸ்பெயினில் இதற்காக மகள்களைக் கொடுத்திருக்கிறார்கள், சகோதரர்கள் சாகும்வரை பேசாமல் இருந்திருக்கிறார்கள். நாடு முழுவதும் அரசர் எதிரில் வெறுந்தலையோடு நிற்கும்; கிராந்தே என்று பெயர்பெற்ற சில குடும்பங்களின் தலைவர்கள் மட்டும் தொப்பியோடு நிற்கலாம். அதிலும் மேல் கீழ் உண்டு. முதல் வரிசைக் குடும்பத்தவன் தொப்பியை அணிந்த பிறகே அரசரிடம் பேசுவான். இரண்டாம் வரிசையில் இருப்பவன் வெறுந்தலையோடு பேசி முடித்துவிட்டு, அரசரின் பதிலைக் கேட்பதற்காகத் தொப்பி அணிவான். என் குடும்பம் இரண்டாவது வரிசை. தூதுவராக மூன்று நாடுகளில் இருந்தேன், எல்லைத் தகராறுகளைப் பேசித் தீர்த்தேன், அதற்கெல்லாம் வரிசை மாறாது. ஃபத்ரீக்கே என் தூதரகத்தில் செயலராக இருந்தவன். இத்தாலியின் டூரின் நகரில் நான் சொல்ல அவன் எழுதுவான். போன குளிர்காலத்தில் அவனுடைய பெரியப்பாவும் பெரியப்பாவின் ஒரே மகனும் ஒரே காய்ச்சலில் போனார்கள். குடும்பம் முதல் வரிசை. செயலர் கிராந்தே ஆகிவிட்டார். புதியவனை ஏற்கெனவே கிராந்தேயாக இருக்கும் ஒருவர் முன்னின்று அழைத்துச் செல்லவேண்டும். அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். "உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள், டான் பெல்ட்ரான்?" என்றான். கண்ணில் நீர். நடிப்பில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அவன் நடித்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

"என்ன பெல்ட்ரான், மாப்பிள்ளையை அழைத்துப்போகிற மாமனார் மாதிரி நிற்கிறாய்?" கிழட்டு டியூக் ஹினேஸ், வாதக்காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். வாயில் கிராம்பு மணம். கிராந்தேக்கள் ஒருவருக்கொருவர் நீ என்றுதான் பேசிக்கொள்வோம், எண்பது வயதானாலும் இருபது வயதானாலும். "இல்லை, மாமனார் என்று சொல்லக்கூடாதோ? உங்கள் வீட்டு உறவுமுறை எனக்குச் சரியாகப் பிடிபடமாட்டேன் என்கிறது." நான் சிரித்தேன். சிரிக்கவேண்டும். சிரிக்காத கணவனை, நாகரிகம் தெரியாத மளிகைக்கடைக்காரன் என்று இந்த ஊர் சொல்லும். "முறை எதுவானால் என்ன, சாப்பாடு ஒரே மேஜையில்தானே," என்றேன். "அதைச் சொல்லு! உனக்குப் பெரிய மனசு. என் காலத்தில் எங்களுக்கு இவ்வளவு பெரிய மனசு கிடையாது, வாள்தான் இருந்தது," என்று தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார். என் இடது தோளில். அது சின்ன வயதில் குதிரையிலிருந்து விழுந்ததிலிருந்து கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். ஈரக்காற்று அடித்தால் வலிக்கும். அந்தத் தோளைத் தேடித் தட்டினாரா? இல்லை, கைக்கு எட்டியது அதுதானா? இப்படி ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது தூதுவன் தொழில். அயல்நாட்டு மந்திரி மூக்குப்பொடி டப்பாவை எந்தக் கையால் திறக்கிறான் என்பதிலிருந்து படை நகருமா நகராதா என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் அது செல்லுபடியாகவில்லை.

பெரிய மனசு. நான்தான் அவனை அவளுக்குக் கொடுத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஊர் வழக்கம் கட்டாயப்படுத்தியது. டூரினில் மணமான சீமாட்டி நாடகத்துக்குத் தன் கணவனோடு போனால் சிரிப்பார்கள். அவளுக்கென்று ஊரறிய ஒரு ஆண் துணை வேண்டும். இங்கே மாட்ரிட்டில் கோர்தேஹோ என்கிறார்கள். விசிறியை வைத்திருக்க, தேவாலயத்தில் புனித நீரை விரலில் ஏந்திக் கொடுக்க, காலையில் அவள் தலைவாரும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்ல. கணவன் அந்த நேரம் அந்த அறைக்குள் போவதானால் பணிப்பெண்ணிடம் சொல்லி அனுப்பிவிட்டுப் போகவேண்டும். யாரையாவது வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் நம் தூதரகத்துப் பையனாக இருக்கட்டும், நம் ரகசியம் வெளியே போகாது என்று நினைத்தேன். அவளிடம் அதைத்தான் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களுக்கு வசதி என்றால் சரி," என்றாள். அந்தப் பார்வையை இன்றுவரை படித்து முடிக்கவில்லை. மறுத்துவிடுவேன் என்று எதிர்பார்த்தாளா? நீங்களே என் பக்கத்தில் உட்காருங்கள், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று கேட்க வாயெடுத்தாளா? அப்படி ஒன்றும் இல்லாமல் சும்மா பார்த்திருக்கவும் கூடும். ஒன்பது வருஷம் நாடக அரங்கில் எதிர்ப்பக்கத்து மாடத்திலிருந்து அவர்கள் இருவரையும் பார்த்தேன். அவன் குனிந்து ஏதோ சொல்வான், அவள் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சிரிப்பாள். அவர்களுக்குள் அதற்கு மேல் என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்பது தெரிந்துகொள்வதைவிடக் கேவலம். ஒருமுறை அவளுக்குப் பல்வலி வந்தது. நான் மருத்துவரோடு உள்ளே போனபோது ஃபத்ரீக்கே, "வலப்பக்கம், கடைசிக்கு முந்தினது, போன மழையிலும் அதுதான் வலித்தது," என்று சொல்லிக்கொண்டிருந்தான். இருவரையும் படுக்கையில் கண்டிருந்தால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது. என் மனைவியின் வாய்க்குள் எந்தப் பல் வலிக்கும் என்று ஒருவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது. நான் அன்று உப்பு வரி உடன்படிக்கையின் ஏழாவது ஷரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"டான் பெல்ட்ரான், எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது," என்கிறான் ஃபத்ரீக்கே பக்கத்திலிருந்து. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைக்கிறான். ஆரஞ்சுப்பூ நீரின் மணம், அவள் அறையில் வைத்திருக்கும் அதே புட்டி. "காலையில் சாக்லேட்கூட இறங்கவில்லை. சீமாட்டி இரண்டு தடவை குடிக்கச் சொன்னார்கள். இப்போது குடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது." காலையில் நான் என் சாக்லேட்டைத் தனியாகக் குடித்தேன். ஆடை படிந்து ஆறிவிட்டிருந்தது. கீழே நாங்கள் இருவரும் வண்டியிலிருந்து இறங்கும்போது, உள்ளேயே உட்கார்ந்திருந்த அவள் என்னிடம் என்ன சொன்னாள்? "அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." என்னிடம் சொன்னது அவ்வளவுதான், அதுவும் அவனைப் பற்றி. "பயப்படாதே," என்கிறேன் அவனிடம். "பயம் இல்லை. மறந்துவிடுவேனோ என்றுதான். போன வாரம் முழுவதும் சீமாட்டி சொல்லிக்கொடுத்தார்கள். ரொம்பக் கண்டிப்பான வாத்தியார்!" சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு இழுத்துக்கொண்டுவந்து நிறுத்துகிறது அந்த மதியத்தை. நான் அவள் அறை வாசலில் நின்ற மதியம். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, "இல்லை, இல்லை, இடது தோள் இன்னும் கொஞ்சம் தாழவேண்டும்," என்று அவள் குரல். தரையில் காலடிகள். "இவ்வளவா?" என்று அவன். "இன்னும். ஆ, அதுதான்! அப்படியே அவர்தான்!" பிறகு இருவரும் சிரித்த சிரிப்பு. நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். சொந்த வீட்டு நடைக்கூடத்தில் திருடனைப்போல, நுனிக்காலில். என் தோளை வைத்து நாடகம் போடுகிறார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டார்களா? போதாததற்கு இவனுக்கு நேப்பிள்ஸ் தூதுவர் பதவி என்று பேச்சு அடிபடுகிறது. ஆறு வருஷமாக நான் வாய் திறந்து கேட்காமல் காத்திருக்கும் பதவி. கேட்காமல் காத்திருப்பதே என் வாழ்க்கையாகிவிட்டது. கேட்காமலே எல்லாம் இவன் மடியில் வந்து விழுகிறது.

அரண்மனை அதிகாரி வருகிறார், வெள்ளிப்பூண் போட்ட கோலோடு. மெலிந்தவர், எப்போதும் ஜலதோஷம். "கிராந்தே அவர்களுக்கு முறைகளையெல்லாம் சொல்லிவிட்டீர்களா, மார்க்கீஸ்?" என்று என் பட்டத்தைச் சொல்லிக் கேட்கிறார். சொல்லித்தரவேண்டியது முன்னிற்பவன் கடமை. அதிகாரிகள் தலையிடமாட்டார்கள், தலையிட்டால் அவமரியாதை. நான் தலையசைக்கிறேன். அவர் போனதும் ஃபத்ரீக்கே என் பக்கம் சாய்கிறான். "ஒருமுறை சரிபார்த்துவிடலாமா? கதவில் ஒரு வணக்கம். அறை நடுவில் ஒன்று. அரசர் அருகில் ஒன்று. மூன்றாவது முடிந்து நிமிர்ந்தவுடன் பேச ஆரம்பித்துவிடவேண்டும், குலப்பெருமை, முன்னோர் செய்த சேவை. அது முடிந்த பிறகு அரசர் தொப்பி அணியச் சொல்வார். சரிதானே?"

சரியில்லை. அது இரண்டாவது வரிசைக்காரனின் முறை. இவன் மூன்றாவது வணக்கத்துக்குப் பின் நாக்கைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். எவ்வளவு நேரமானாலும். அரசர் "அணிந்துகொள்ளுங்கள்" என்ற பிறகு தொப்பியை வைத்து, அதற்குப் பிறகுதான் வாய் திறக்கவேண்டும். முதல் சொல் வெறுந்தலையோடு வந்துவிட்டால் தீர்ந்தது. சுவரோரம் நிற்கும் செயலர் அதை அப்படியே பதிந்துவிடுவார், அந்தக் குடும்பம் தானே தன் வாயால் இரண்டாவது வரிசைக்கு இறங்கிவிட்டது என்று பொருள். ஹினேஸின் மாமன் வழியில் ஒருவர் அப்படித்தான் பதற்றத்தில் "மாட்சிமை தங்கிய" என்று தொடங்கிவிட்டாராம். அவருடைய பேரன் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கிறான், தொப்பியைப் பார்த்தாலே அந்த வீட்டில் பெண்கள் அழுவார்களாம். எங்கள் அரசர் வேறு அவசரப்படாதவர். ஒருவன் நிமிர்ந்த பிறகு அவனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனத்தில் எவனுக்கும் வாய் அரிக்கும். இதையெல்லாம் இப்போது இவனிடம் சொல்லவேண்டும். இரண்டே வாக்கியம். லெயோகாடியா ஏன் தவறாகச் சொல்லிக்கொடுத்தாள் என்றும் தெரிகிறது: அவள் கண்ணால் கண்டது ஒரே ஒரு சடங்கு, என்னுடையது. புதுமணப்பெண்ணாக ராணியின் பக்கத்துக் கதவருகில் நின்று பார்த்தாள். எல்லாக் குடும்பத்துக்கும் அதுதான் முறை என்று நினைத்துவிட்டாள். அவள் தவறு. என் தவறில்லை. நாளைக்கு இவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காரும்போது, சொல்லிக்கொடுத்தவள் அவள். அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்தத் தவறு உட்கார்ந்திருக்கும், எனக்கும் அவளுக்கும் நடுவில் இவன் உட்கார்ந்திருந்ததுபோல.

"லெயோகாடியா எப்படிச் சொன்னாளோ அப்படியே செய்," என்கிறேன்.

என் குரல் எவ்வளவு மென்மையாக இருக்கிறது! அவன் முகம் தெளிந்துவிடுகிறது. என் கையைப் பிடித்து அழுத்துகிறான், ஈரமான கை. "இனிமேல் நான் உங்களை நீ என்று சொல்லலாம் என்கிறார்கள். எனக்கு வாய் வராது," என்கிறான். "பழகிக்கொள்வாய்," என்கிறேன். கதவு திறக்கிறது. இன்னும் நேரமிருக்கிறது. சொல்லிவிடலாம், இந்த வாசற்படி தாண்டுவதற்குள் காதில் சொல்லிவிடலாம், "நிமிர்ந்ததும் பேசாதே, காத்திரு." காலணிக் கொக்கி கணுக்காலைக் கடிக்கிறது. பொய்முடிக்கு அடியில் வியர்வை. நான் கெட்டவனா? பொய் ஒன்றும் சொல்லவில்லையே. ஒரு தூதுவன் பொய் சொல்லத் தேவையில்லை, எதிராளி நம்பியிருப்பதை நம்பவிட்டால் போதும் என்று இவனுக்கே டூரினில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அறை நீளமானது. தூரத்தில் அரசர், தொப்பியோடு, பழுப்பு நிற உடையில், காலடியில் இரண்டு வேட்டை நாய்கள். ஈர நாய்முடியின் வாடை இங்கேவரை வருகிறது. சுவரோரம் இருபக்கமும் கிராந்தேக்கள், எல்லோர் தலையிலும் தொப்பி. நான் அவனுக்கு வலப்பக்கம் அரை அடி பின்னால். எங்கள் இருவர் தொப்பியும் கையில். அரசர் அவனுக்கு உத்தரவு கொடுக்கும்போது நானும் அணிந்துகொள்ளலாம். முதல் வணக்கம். அவன் குனிகிறான். இடது தோள் தாழ்கிறது. இங்கேயே கேலி செய்கிறானா, அரசர் முன்னால், என் பக்கத்தில் நின்றுகொண்டு? ஆனால் அவன் முகத்தில் கேலி இல்லை, பிரார்த்தனை செய்கிறவனின் முகம். நடக்கிறோம். அவன் நடை. வலக்காலை வைக்குமுன் ஒரு சின்னத் தயக்கம். என் சடங்கு நாளில் எனக்குப் புதுக் காலணி, வலக்கால் கடித்தது, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். இரண்டாவது வணக்கம். இடது தோள் தாழ்கிறது, தொப்பி பிடித்த கை முழங்காலுக்கு வெளியே வட்டமாகப் போய் வருகிறது, நிமிரும்போது மோவாய் கடைசியாக எழும்புகிறது. அது நான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய நான், என் தோளோடு, என் செருப்புக்கடியோடு. அவள் இதை வணக்கத்தின் முறை என்று நினைத்திருக்கிறாள். ஒரு ஆண் அரசர் முன்னால் இப்படித்தான் அழகாகக் குனிவான் என்று, குதிரையிலிருந்து விழுந்தவனின் தோளையும் சேர்த்து, அத்தனையையும் மனதில் எடுத்து மடித்து வைத்திருந்திருக்கிறாள். அப்படியே அவர்தான்! அந்தச் சிரிப்பை எந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பது? ஒருத்தி என்னை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாள். பார்த்ததை என்னிடம் சொல்லவில்லை. எடுத்து இவனுக்கு உடுத்திவிட்டாள். என் உடம்பைக்கூட இவனுக்குக் கொடுத்துவிட்டாள். அல்லது, அல்லது இவனை ஒரு ஆளாக்க வேண்டும் என்று அவள் தேடியபோது அவளிடம் இருந்த ஒரே உருவம் நான்தானா? இதில் எது உண்மை என்றாலும் என்னால் தாங்க முடியாது. மூன்றாவது வணக்கம். நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கிறது. அவன் நிமிர்கிறான். அரசர் அவனைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவனுடைய விலா எழும்புகிறது, மூச்சை உள்ளே இழுக்கிறான், உதடு பிரிகிறது.

என் தொப்பி விழுந்தது.

பளிங்குத் தரையில் அது மெத்தென்று விழாமல் ஓரத்துக் கம்பி பட்டு டக்கென்று விழுந்து, விளிம்பில் நின்று உருண்டு, நாய்களுக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்தது. ஃபத்ரீக்கே இழுத்த மூச்சோடு திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டான். எல்லாத் தலைகளும் திரும்பின. அரசர் தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எதுவும் நடக்காததுபோல அவனைப் பார்த்து, "அணிந்துகொள்ளுங்கள்," என்றார். அவன் அணிந்தான். நேராக அணிந்தான். அதன் பிறகுதான் பேசினான்.

பேசிக்கொண்டிருக்கிறான். நல்ல குரல், எனக்கு என்றும் அப்படி ஒரு குரல் இருந்ததில்லை. அவனுடைய முன்னோர் எந்தக் கோட்டையில் ஏறினார்கள், எந்த நதியில் மூழ்கினார்கள். முதல் வரிசை பத்திரமாக இருக்கிறது. இந்த அறை முழுவதிலும் தொப்பி இல்லாமல் நிற்கும் கிராந்தே நான் ஒருவன்தான். போய் எடுக்கமுடியாது, எடுக்கக் குனிந்தால் அது நான்காவது வணக்கம், அப்படி ஒன்று கிடையாது. கையில் அந்தத் தொப்பி இருந்த இடம் காலியாக இருக்கிறது. நானா விட்டேன், அதுவாக நழுவியதா? விரல்களைக் கேட்கிறேன். சொல்லமாட்டோம் என்கின்றன. அவனைக் காப்பாற்றத்தான் விட்டேன் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. அவளுக்காக என்று நம்ப இன்னும் ஆசை. அவள் பாடம் தவறாகப் போகக்கூடாது என்று. இல்லை, பொறாமையில் கை நடுங்கியது, அவ்வளவுதான், அது தற்செயலாக நல்ல நேரத்தில் விழுந்தது என்றும் ஒரு குரல் சொல்கிறது. எதிர்ச்சுவரோரம் ஹினேஸின் கன்னம் துடிக்கிறது, சிரிப்பை உள்ளே அடக்கிக்கொண்டிருக்கிறார். இன்று பகல் சாப்பாட்டுக்கு முன் மாட்ரிட் முழுவதும் போய்விடும்: கிழவனுக்குப் பொறுக்கவில்லை, அரசர் முன்னாலேயே தொப்பியைக் கீழே போட்டுவிட்டான். ஃபத்ரீக்கே ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறான். நன்றி இருக்குமென்று தேடினேன். எதற்கு நன்றி? அவனுக்கு ஒன்றும் தெரியாதே. அந்தக் கண்ணில் இருப்பது இரக்கம்.

சொல்லிவிடலாம். திரும்பும்போது ஒரே வண்டி, கீழே அவள் உள்ளே உட்கார்ந்து காத்திருப்பாள். நீ விழ இருந்தாய், நான்தான் பிடித்தேன் என்று சொல்லிவிடலாம். உடனே அவள் கேட்பாள், அவளுக்கு அறிவு குறைவில்லை: அப்படியானால் முன்கூடத்திலேயே ஏன் சொல்லவில்லை? குழியிலிருந்து தூக்கினேன் என்று சொல்லிக்கொள்ள, குழியைக் காட்டவேண்டும். ஆகவே ஹினேஸ் சொல்லும் கதையையே நானும் ஏற்றுக்கொள்வேன். தொப்பி எப்படி விழுந்தது என்று அவள் கேட்பாள். வயதாகிவிட்டது, கை நழுவிவிட்டது என்பேன். அவளும் இவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பாவம் என்று அந்தப் பார்வைக்குப் பொருள். பிறகு ஒருவேளை, வண்டி கல்பாதையில் குலுங்கும்போது, அவள் தன் கையை எடுத்து என் கைமேல் வைக்கலாம். எத்தனையோ வருஷமாக அது அங்கே வந்ததில்லை. வைத்தால் நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். பொறாமை பிடித்த கிழவன் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும், வீடு வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தால் போதும்.